தட்டினால் ஒரு விலை, கொட்டினால் ஒரு விலை!

“உப்பிலியபுரத்தில் ரயிலே கிடையாது. தண்டவாளம் இல்லாத ஊரில் நின்றுகொண்டு ரயில் கட்டணத்தைப் பற்றி என்னய்யா பேச்சு?” என்று கேட்கிறார்கள் சில பெரிய மனிதர்கள்.

கிடையாதுதான், தோழர்களே! உப்பிலியபுரத்தில் ரயில் கிடையாது. துறையூரிலும் கிடையாது. நாமக்கல்லில் தொடங்கித் துறையூர், பெரம்பலூர் வழியாக அரியலூர் வரை ஒரு பாதை போடுங்கள் என்று கேட்டுக் கேட்டு, கேட்டவர்களின் தலை நரைத்தது. மனுக் காகிதம் மஞ்சள் பூத்தது. பாதை மட்டும் வரவில்லை. ரயில் ஊரைத் தேடி வராவிட்டால், ஊரார் ரயிலைத் தேடிப் போகத்தானே வேண்டும்? மழை பொய்த்த ஆண்டில், பச்சைமலை அடிவாரத்தில் மண்வெட்டியைச் சுவரில் சாத்திவிட்டு, விடியுமுன் துறையூருக்கு ஒரு பேருந்து, துறையூரிலிருந்து திருச்சி சத்திரத்துக்கு ஒரு பேருந்து, அங்கிருந்து சந்திப்பு ரயில் நிலையம் என்று போகிறார்களே, அவர்கள் யார்? சென்னையில் சாரத்தின் மேல் நின்று செங்கல் அடுக்குகிறவர்கள். பெங்களூரில் அடுக்குமாடி வாசலில் இரவெல்லாம் கண் விழிக்கிறவர்கள். உணவு விடுதியில் மேசை துடைக்கிறவர்கள். நம் ஊர்ப் பிள்ளைகள்! அந்தப் பட்டணங்களில் அவர்கள் நாள்தோறும் ஏறி இறங்கும் ரயிலில், அவர்கள் சட்டைப் பையிலிருந்து ஐந்தும் பத்துமாக எடுக்கப்படுவது எந்தக் கணக்கில் என்று கேட்க உப்பிலியபுரத்துக்கு உரிமை உண்டு.

அரிசிக்குப் படி. துணிக்கு முழம். பயணத்துக்குத் தூரம். இதுதான் கட்டணத்தின் அடிப்படை. ஒரே தூரம், ஒரே தண்டவாளம், ஒரே பலகையில் இரண்டு பேர் உட்கார்ந்து போகிறார்கள். ஒருவனுக்கு ஒரு விலை, இன்னொருவனுக்கு வேறொரு விலை என்றால், அது வணிகமா, வழிப்பறியா? அதிலும், அதிகம் கொடுப்பவன் இருப்பவனாக இருந்தாலாவது சமாதானம் சொல்லலாம். இங்கே அதிகம் கொடுப்பவன் இல்லாதவன்!

முதலில் நம் வாசலில் நடந்ததைப் பார்ப்போம். 2020 மார்ச்சில் கொரோனா வந்தது, வண்டிகள் நின்றன. நின்றதில் குறையில்லை, நோய்க்கு நடுவே ஓட்டு என்று நாம் சொல்லவில்லை. மீண்டும் ஓடத் தொடங்கியபோதுதான் வித்தை நடந்தது. போகும்போது ‘பாசஞ்சர்’ என்று பெயர் சொல்லிப் போன வண்டி, திரும்பி வரும்போது ‘சிறப்பு விரைவு வண்டி’ என்று பட்டம் கட்டிக்கொண்டு வந்தது. என்ன சிறப்பு? அதே பெட்டி, அதே பலகை, அதே ஆமை நடை. மாறியவை இரண்டே இரண்டு. வண்டி எண்ணுக்கு முன்னால் ஒரு சுழி வந்தது. குறைந்தபட்சக் கட்டணம் 10 ரூபாயாக இருந்தது 30 ரூபாய் ஆனது. சுழி வண்டிக்கு, இருபது ரூபாய் ரயில்வேக்கு!

திருவரங்கத்திலிருந்து திருச்சி சந்திப்புக்கு வந்தாலும் 30. பொன்மலையிலிருந்து வந்தாலும் 30. கூப்பிட்டால் கேட்கும் தூரத்துக்கு மூன்று மடங்கு! ஏன் என்று கேட்டபோது, 2021 பிப்ரவரியில் ரயில்வே ஒரு விளக்கம் தந்தது. தேவையற்ற பயணத்தை மக்கள் தவிர்ப்பதற்காகக் கட்டணத்தைச் சற்றே கூட்டியிருக்கிறார்களாம்!

தேவையற்ற பயணம்! விடியற்காலையில் தூக்குச் சட்டியில் பழைய சோற்றோடு வண்டி ஏறுகிறவன் உல்லாசப் பயணமா போகிறான்? காந்தி மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிறவன் காற்று வாங்கவா வருகிறான்? போக இருபது, வர இருபது. ஒரு நாளைக்கு 40 ரூபாய் கூடுதல். மாதத்தில் 25 நாள் வேலை என்றால் 1,000 ரூபாய். “சீசன் டிக்கெட் எடுத்துக்கொள்ளலாமே” என்பார்கள். சீசன் டிக்கெட் என்பது மாதம் முழுவதும் வேலை உண்டு என்று தெரிந்தவனுக்கு. முதல் தேதியில் மொத்தப் பணம் கையில் இருப்பவனுக்கு. நாளைக்கு வேலை உண்டா என்று இன்றைக்குத் தெரியாதவன், அன்றன்று சீட்டு வாங்கித்தான் போவான். அவன் தலையில்தான் முழுச் சுமையும் விழுந்தது.

2024 பிப்ரவரி இறுதியில், பழைய 10 ரூபாய் மெல்லத் திரும்பி வந்தது. நோய் போய் எத்தனை நாள் ஆயிற்று என்று எண்ணிப் பாருங்கள். நாடாளுமன்றத் தேர்தல் வாசலுக்கு வந்து எத்தனை நாள் ஆயிற்று என்றும் எண்ணிப் பாருங்கள். இடையில் எடுத்த இருபது இருபதாக யாருக்காவது திருப்பித் தந்தார்களா? மூத்தோருக்கு இருந்த சலுகையும் அதே 2020 மார்ச்சில்தான் பறிபோனது. 60 வயது ஆணுக்கு 40 விழுக்காடு, 58 வயது பெண்ணுக்கு 50 விழுக்காடு. ஐந்தாண்டு கடந்தும் அதை மீட்டுத் தர டெல்லிக்கு மனம் வரவில்லை.

பெயரை மாற்றிப் பயன் பெறும் வித்தை திருச்சி மாவட்டத்துக்குப் புதிதல்ல, தோழர்களே! இதே திருச்சியிலிருந்து வடக்கே போகும் இருப்புப் பாதையில்தான் கல்லக்குடி இருக்கிறது. வடநாட்டு ஆலை முதலாளியின் பெயரை நிலையப் பலகையில் ஏற்றி ‘டால்மியாபுரம்’ ஆக்கினார்கள். 1953 ஜூலை 15 அன்று கலைஞரும் தோழர்களும் அந்தத் தண்டவாளத்தில் தலை வைத்துப் படுத்தார்கள்; சிறை சென்றார்கள். ஒரு பலகையில் ஒரு பெயர்தானே, இதற்கு ஏன் இத்தனை ஆவேசம் என்று அன்றைக்கும் கேட்டார்கள். பலகையில் எழுதியிருப்பது வெறும் எழுத்தல்ல, யாருடைய ஊர் இது என்பதற்கான சாட்சி என்று கழகம் பதில் சொன்னது. இன்று பலகையை மாற்றவில்லை. வண்டியின் பெயரை மாற்றினார்கள், விலை மாறியது. அன்று பெயரில் மானம் போனது. இன்று பெயரில் பணம் போனது.

இதுவாவது ஏட்டில் தெரிந்தது. கையில் சீட்டு இருந்தது, சீட்டில் 30 என்று அச்சிட்டிருந்தது, எரிச்சலோடாவது படித்தோம். இப்போது வந்திருப்பது சீட்டே இல்லாத காலம். ஓர் அட்டை. அதைக் கதவின் மேல் காட்டினால் கதவு திறக்கிறது. இறங்கும் இடத்தில் மறுபடியும் காட்டினால் மறுபடியும் திறக்கிறது. நடுவில் எவ்வளவு தூரம் என்று பொறி கணக்குப் போட்டு, அட்டையிலிருந்து பணத்தை எடுத்துக்கொள்கிறது. சென்னை மெட்ரோவில் அப்படி, பெங்களூர் ‘நம்ம மெட்ரோ’வில் அப்படி, டெல்லியில் அப்படி. பயணம் செய்த அளவுக்குப் பணம் என்று இதற்கு விளம்பரம். அந்த விளம்பரம் எவ்வளவு தூரம் உண்மை என்பதைத்தான் இப்போது கேட்கப் போகிறோம்.

நாம் பொறிக்குப் பகைவர்கள் அல்லர். ‘இனிவரும் உலகம்’ எழுதிய பெரியாரின் மாணவர்கள், மனிதனின் சிரமத்தைக் குறைக்கும் எந்தக் கருவியையும் கண்டு மிரளமாட்டார்கள். வரிசையில் கால் கடுக்க நிற்காமல், சில்லறைக்கு அலையாமல் போக முடிகிறதென்றால் வரவேற்போம். ஆனால் பொறி தானாகக் கணக்குப் போடுவதில்லை. யாரோ எழுதிக் கொடுத்த கணக்கைத்தான் அது போடுகிறது. எழுதிக் கொடுத்த கை கோணல் என்றால், பொறி அந்தக் கோணலை ஒரு நாளைக்குப் பல லட்சம் முறை, களைப்பில்லாமல், கூச்சமில்லாமல் செய்துகொண்டே இருக்கும்.

பெங்களூரில் அதுதான் நடந்தது.

மெட்ரோ ரயில்களுக்கென்று 2002-ல் டெல்லி ஒரு சட்டம் செய்தது. அதன்படி கட்டணம் நிர்ணயிக்க ஒரு குழு. உயர் நீதிமன்ற நீதிபதியாக இருக்கிறவர் அல்லது இருந்தவர் தலைவர். ஒன்றிய அரசின் ஆள் ஒருவர், மாநில அரசின் ஆள் ஒருவர். அந்தக் குழு சொன்னால் மெட்ரோ நிர்வாகம் கட்டுப்பட வேண்டும். பெங்களூர்க் குழு 2024 டிசம்பரில் அறிக்கை கொடுத்தது. 2025 பிப்ரவரி 9 அன்று புதுக் கட்டணம் வந்தது. அதிகபட்சம் 60 ரூபாயாக இருந்தது 90 ஆயிற்று. ஏழரை ஆண்டு உயர்த்தவே இல்லை, ஆகையால் உயர்த்தினோம் என்றார்கள். அந்த வாதத்தில் ஓரளவு பொருள் இருக்கிறது என்றே வைத்துக்கொள்வோம். மின்சாரச் செலவும் சம்பளச் செலவும் கூடித்தான் இருக்கும்.

ஆனால் எப்படி உயர்த்தினார்கள்? முன்பிருந்த பல சிறு படிகளைச் சேர்த்துச் சில பெரிய படிகளாகக் கட்டினார்கள். 2 கிலோமீட்டர் வரை 10 ரூபாய். 4 வரை 20. 6 வரை 30. 8 வரை 40. 10 வரை 50. அதற்கு மேல் ஐந்தைந்து கிலோமீட்டருக்கு ஒரு படி: 15 வரை 60, 20 வரை 70, 25 வரை 80, அதற்கு அப்பால் 90.

இந்த ஏணியைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். 4 கிலோமீட்டருக்கு 20 ரூபாய். அதிலிருந்து நூறு கஜம் தள்ளி அடுத்த நிலையம் இருந்தால் 30 ரூபாய். 4.1 கிலோமீட்டர் போகிறவன் கிலோமீட்டருக்கு ஏழு ரூபாய்க்கு மேல் கொடுக்கிறான். 25 கிலோமீட்டர் போகிறவன் கிலோமீட்டருக்கு மூன்று ரூபாய் இருபது காசு கொடுக்கிறான். குளிரூட்டிய அலுவலகத்திலிருந்து ஊரின் மறுகோடியில் இருக்கும் வீட்டுக்குப் போகிறவர் கொடுப்பதைப் போல் இரண்டு மடங்கு, வேலையிடத்துக்கு அருகில் குடிசை போட்டிருக்கிறவன் கொடுக்கிறான்! மொத்தமாக வாங்குகிறவனுக்கு விலை குறைவு, சில்லறையாக வாங்குகிறவனுக்கு விலை அதிகம் என்பது மளிகைக் கடை நியாயம். பொதுப்பணத்தில் கட்டிய ரயிலுக்கும் அதே நியாயமா?

படிகளை ஒட்டவைத்ததில் சில இடங்களுக்கு இடையே கட்டணம் ஏறக்குறைய இரட்டித்துவிட்டது. பெங்களூர் கொதித்தது. கர்நாடக முதலமைச்சர் சித்தராமையா தலையிட்டார். பிப்ரவரி 14 முதல் ‘முரண்பாடுகளை’ நீக்கிவிட்டோம் என்று நிர்வாகம் அறிவித்தது. நீக்கிய பிறகு உயர்வு எவ்வளவு தெரியுமா? அதிகபட்சம் 71 விழுக்காடு. அடி நூறு என்று அறிவித்து, அழுத பிறகு எழுபத்தொன்றோடு நிறுத்திக்கொண்டார்கள். அதற்குப் பெயர் சலுகை!

ஐந்தே நாளில் திருத்த முடிந்த தவறு, அறிவிப்பதற்கு முன்னால் ஏன் கண்ணில் படவில்லை? எந்த நிலையத்திலிருந்து எந்த நிலையத்துக்கு எவ்வளவு ஏறுகிறது என்று ஒரு தாளில் எழுதிப் பார்த்திருந்தால் பள்ளிக்கூடத்துப் பிள்ளை கண்டுபிடித்திருக்கும். எழுதிப் பார்த்தவர்கள் அந்தக் கட்டணத்தைக் கொடுக்கிறவர்கள் அல்லர் என்பதைத் தவிர வேறு காரணம் நமக்குப் புலப்படவில்லை. இன்னொன்றும் கேளுங்கள். எந்தக் குழுவின் பெயரைச் சொல்லி உயர்த்தினார்களோ, அந்தக் குழுவின் அறிக்கை மக்கள் பார்வைக்கு வந்தது 2025 செப்டம்பரில். உயர் நீதிமன்றம் வரை வழக்குப் போன பிறகு! பணம் பிப்ரவரியில் பிடித்தார்கள். காரணத்தைச் செப்டம்பரில் காட்டினார்கள்.

இனி அந்தக் கதவருகே போவோம். கட்டட வேலை முடித்து வருகிறான் நம் ஆள். சட்டையில் சிமெண்டுக் கறை. அட்டையைக் கதவில் காட்டுகிறான். கதவுக்கு வாய் இருந்தால் உரையாடல் இப்படித்தான் இருக்கும்:

“அட்டையில் எவ்வளவு இருக்கிறது?”

“அறுபது ரூபாய்.”

“போதாது.”

“நான் போகும் இடத்துக்கு இருபது ரூபாய்தானே?”

“நீ எங்கே போகிறாய் என்பது எனக்குத் தெரியாது. நீ கடைசி நிலையம் வரை போனாலும் போகலாம். ஆகையால் 90 இருந்தால்தான் உள்ளே விடுவேன்.”

“நான் தினமும் இருபது ரூபாய் தூரம்தான் போகிறேன். மூன்று மாதமாக நீயேதானே கணக்கு எழுதுகிறாய்?”

கதவு பேசாது. திறக்கவும் திறக்காது.

இது கற்பனை உரையாடல். ஆனால் அந்த 90 கற்பனை அல்ல. அதிகபட்சக் கட்டணத்தை 90 ஆக்கிய அதே நேரத்தில், அட்டையில் குறைந்தபட்சம் 90 இருக்க வேண்டும் என்று பெங்களூரில் விதி செய்தார்கள். அதற்கு முன் அது 50. இருபது ரூபாய்ப் பயணிக்கு அந்தப் பணம் அட்டையில் கிடக்கும், கையில் வராது. பத்து லட்சம் அட்டைகள் என்று ஒரு கணக்குக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஒன்பது கோடி ரூபாய் வட்டியில்லாத கைமாற்று! யார் யாருக்குக் கடன் கொடுப்பது? தினக்கூலிக்காரன் நிர்வாகத்துக்கு! பயணம் செய்த அளவுக்குத்தான் பணம் என்றார்களே, செய்யாத பயணத்துக்கு ஏன் பிணைத்தொகை?

‘கூட்டமில்லாத நேரத்தில் போனால் கூடுதல் தள்ளுபடி’ என்று இன்னொரு சலுகையும் பெங்களூரில் அறிவித்தார்கள். காலை எட்டு மணிக்கு முன்னால், நண்பகல் பன்னிரண்டு முதல் நான்கு வரை, இரவு ஒன்பதுக்குப் பின்னால். நல்ல யோசனைதான். ஆனால் நேரத்தைத் தேர்ந்தெடுப்பவர் யார்? முதலாளி பத்து மணிக்கும் வரலாம், பன்னிரண்டு மணிக்கும் வரலாம். ஒன்பது மணிக்குக் கையெழுத்துப் போடாவிட்டால் அரை நாள் சம்பளம் போய்விடும் என்றிருக்கிற தொழிலாளி, தள்ளுபடிக்காகப் பன்னிரண்டு மணி வரை வாசலில் நிற்பானா? அவன் கூட்டத்தில் நசுங்கி வருகிறான். நசுங்கியதற்கு விலையும் அதிகம் கொடுக்கிறான்.

அண்டை மாநிலத்துக் கதையை மட்டும் பேசிவிட்டு நம் வீட்டை விட்டுவிட்டால் அது நேர்மை ஆகாது. சென்னை மெட்ரோவில் ஒன்றிய அரசும் தமிழ்நாடு அரசும் பங்காளிகள். 2021 பிப்ரவரி 22 முதல், தேர்தலுக்குச் சில வாரம் முன்னதாக, அன்றைய அரசு அதிகபட்சக் கட்டணத்தை 70-லிருந்து 50 ஆக்கியது. குறைத்தது நன்றே, தேர்தல் அடிக்கடி வந்தால் நன்று என்று மக்கள் பேசிக்கொண்டார்கள். அங்கும் படிதான்: 2 கிலோமீட்டர் வரை 10, ஐந்து வரை 20, பன்னிரண்டு வரை 30, இருபத்தொன்று வரை 40, அதற்கு மேல் 50. அட்டையிலோ கைப்பேசியிலோ பணம் கட்டினால் 20 விழுக்காடு தள்ளுபடி. அதாவது, ஒரே பெட்டியில், ஒரே தூரம் போகும் இருவரில், அட்டை தட்டினவருக்கு 40. சன்னலில் காசைக் கொட்டினவருக்கு 50.

காசு வாங்கி எண்ணுவதற்குச் செலவு ஆகிறது, அந்தச் செலவு மிச்சமாவதைப் பயணிக்குத் தருகிறோம் என்பார்கள். மிச்சமாவதைத் தரட்டும். ஆனால் காசைக் கொட்டுகிறவர் யார் என்று சன்னலருகே நின்று பாருங்கள். நேற்று இரவு ஊரிலிருந்து வந்திறங்கிய கொத்தனார் சித்தாள். கைப்பேசியில் பணம் அனுப்பத் தெரியாத பெரியவர். மருத்துவமனைக்கு மகளை அழைத்து வந்த தாய். வங்கிக் கணக்கில் இருநூறு ரூபாய் நிற்காதவர். தள்ளுபடி யாருக்குத் தேவையோ அவர்களைத் தவிர மற்ற எல்லோருக்கும் தள்ளுபடி! எழுத்தறிவில்லாதவனுக்கு அபராதம் விதிப்பதைப் போல, அட்டை இல்லாதவனுக்கு அபராதம் விதிக்கலாமா? கழகத் தோழர்கள் ஆளுக்கு ஒருவருக்கு அட்டை வாங்கிக் கொடுத்துப் பழக்கினால் நல்லதுதான், செய்யுங்கள். ஆனால் தவற்றைத் திருத்த வேண்டியது நிர்வாகம்.

2025 செப்டம்பர் 22 அன்று ‘சென்னை ஒன்று’ செயலி வந்தது. மாநகரப் பேருந்து, மெட்ரோ, புறநகர் ரயில் மூன்றுக்கும் ஒரே சீட்டு. முதலமைச்சராக அதைத் தொடங்கி வைத்தவர் தளபதி மு.க. ஸ்டாலின். பெருமைப்படத்தக்க வேலை. ஆயினும் ஒரே சீட்டு வந்ததே தவிர, ஒரே கணக்கு இன்னும் வரவேண்டும். பேருந்தில் ஒரு குறைந்தபட்சக் கட்டணம், மெட்ரோவில் ஏறினால் மறுபடி முதற்படி, புறநகர் ரயிலில் ஏறினால் மறுபடி முதற்படி. நேர் வண்டி கிடைத்தவனுக்கு ஒரு முதற்படி. நேர் வண்டி இல்லாத சேரியிலும் புறநகரிலும் குடியிருப்பவனுக்கு மூன்று. மாறி ஏறுவது அவன் விருப்பமா? வீட்டு வாடகை அவனை அங்கே தள்ளியது.

முடியாததைக் கேட்கிறோமா? சிங்கப்பூரைப் பாருங்கள். நம்மவர்கள் பல்லாயிரம் பேர் வேலை செய்யும் ஊர். தேக்காவில் ஞாயிற்றுக்கிழமை கூடும் தோழர்களைக் கேட்டால் சொல்வார்கள். 2010 ஜூலையில் அங்கே கணக்கை மாற்றினார்கள். பேருந்தோ, ரயிலோ, மாறி ஏறினாலும் மொத்தத் தூரத்துக்கு ஒரே கட்டணம். படியும் சிறு படி. கிலோமீட்டருக்குச் சில காசு கூடும், அவ்வளவே. காசாகக் கொடுத்தால் அங்கும் அதிகம்தான், அதை மறைக்கவில்லை. ஆனால் மாறி ஏறினாய் என்பதற்காகத் தண்டனை இல்லை.

லண்டனிலே அட்டை தட்டும் முறை 2003-ல் தொடங்கியது. 2005-ல் ஒரு நாள் உச்சவரம்பு வைத்தார்கள். ஒரு நாளில் எத்தனை முறை ஏறி இறங்கினாலும், ஒரு தொகைக்கு மேல் பொறி எடுக்காது. வங்கி அட்டைக்கு வார உச்சவரம்பும் உண்டு. அதாவது, முதல் தேதியில் மொத்தப் பணம் கட்டி சீசன் டிக்கெட் எடுக்க வக்கில்லாதவனுக்கும், அன்றன்று தட்டித் தட்டியே அதே சலுகை கிடைத்துவிடுகிறது. பொறிக்குக் கணக்குத் தெரியும் என்றால், ஏழைக்குச் சாதகமான கணக்கும் அதற்குத் தெரியும் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா? அங்கும் கோணல் இல்லாமல் இல்லை. வெளியேறும்போது அட்டை காட்ட மறந்தால் அதிகபட்சக் கட்டணம் பிடிப்பார்கள். லண்டனுக்கு வெளியே முறையை நீட்டியபோது சில ஊர்களுக்குக் காகிதச் சீட்டே மலிவு, தட்டினால் அதிகம் என்ற நிலையும் வந்தது. பத்திரிகைகள் எழுதுகின்றன, பயணிகள் கேட்கிறார்கள், அதிகாரிகள் பதில் சொல்லியாக வேண்டியிருக்கிறது. வெள்ளைக்காரன் செய்வதெல்லாம் வேதம் என்று சொல்பவர்கள் நாம் அல்லர். நல்ல கணக்கு எங்கிருந்து வந்தாலும் எடுத்துக்கொள்ளலாம் என்கிறோம்.

“நட்டத்தில் ஓடும் ரயிலுக்கு இத்தனை சலுகை கேட்டால் எப்படி?” என்று கேட்பவர்களுக்கு ஒரு சொல். 2021 மே மாதம் கழக அரசு பொறுப்பேற்றதும், சாதாரண நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்று ஆணை போட்டது. அதற்கு அட்டை கேட்கவில்லை, கைப்பேசி கேட்கவில்லை, தொண்ணூறு ரூபாய் பிணை கேட்கவில்லை. உப்பிலியபுரத்துப் பெண் துறையூர்ச் சந்தைக்குப் போக ஏறினாள், உட்கார்ந்தாள், இறங்கினாள். அன்றைக்கும் நட்டம், நட்டம் என்று கூவினார்கள். மிச்சமான பணம் எங்கே போயிற்று? அரிசியாகவும் பருப்பாகவும் பிள்ளையின் நோட்டுப் புத்தகமாகவும் கடைவீதிக்குத்தான் வந்தது. தொழிலாளி வேலைக்குப் போவதால்தான் பட்டணம் நடக்கிறது. அவனைக் கொண்டு போய்ச் சேர்ப்பதைச் செலவுக் கணக்கில் மட்டும் எழுதுவது, அடுப்பெரிக்கும் விறகை நட்டம் என்று எழுதுவதற்கு ஒப்பாகும்.

சென்னையில் மெட்ரோவின் இரண்டாம் கட்டம் 118 கிலோமீட்டர். அது விரிய விரிய, கட்டணக் குழு ஒன்று ஒரு நாள் வந்தே தீரும். பெங்களூர் பட்டதைச் சென்னை படக்கூடாது. ஆகவே முன்கூட்டியே கேட்கிறோம். தூரத்துக்கு ஏற்ற கட்டணம் கிலோமீட்டருக்குக் கிலோமீட்டர் சிறு படியாக ஏறட்டும். பத்துப் பத்தாகத் தாண்ட வேண்டாம். காசுக்கும் அட்டைக்கும் விலை ஒன்றாகட்டும். தள்ளுபடி கொடுத்தே தீருவது என்றால் நாள் உச்சவரம்பாகவும் வார உச்சவரம்பாகவும் கொடுங்கள், அடிக்கடி ஏறுகிற தொழிலாளிக்கு அது தானாகப் போய்ச் சேரும். முதற்படிக் கட்டணத்துக்குப் பணம் இருந்தால் கதவு திறக்கட்டும். குறைந்தால் இறங்கும் இடத்தில் வாங்கிக்கொள்ளுங்கள், எங்கும் ஓடிவிட மாட்டான். பேருந்தும் மெட்ரோவும் புறநகர் ரயிலும் ஒரே பயணமாக எண்ணப்படட்டும். புறநகர் ரயில் டெல்லியின் கையில் இருக்கிறது என்பது தெரியும். அங்கே நம் உறுப்பினர்கள் எழுந்து கேட்க வேண்டியது இதைத்தான். குழுவின் அறிக்கையும், நிலையத்துக்கு நிலையம் பழைய கட்டணம் எவ்வளவு, புதுக் கட்டணம் எவ்வளவு என்ற பட்டியலும், பணம் பிடிப்பதற்கு மூன்று மாதம் முன்னதாகத் தமிழில் வெளிவர வேண்டும்.

பொன்மலைச் சங்கத் திடலில் 1946 செப்டம்பர் 5 அன்று ஐந்து ரயில்வேத் தொழிலாளர்கள் துப்பாக்கிக் குண்டுக்குப் பலியானார்கள். அந்த மண்ணிலிருந்து ரயிலைப் பற்றிப் பேச நமக்கு யாரும் உரிமைச் சீட்டு கிழித்துத் தரவேண்டியதில்லை. ஆனால் கோபம் மட்டும் போதாது, கணக்கும் வேண்டும். துறையூர், உப்பிலியபுரம், முசிறிப் பக்கத்துப் படிப்பகத் தோழர்கள் ஒரு வேலை செய்யுங்கள். சென்னைக்கும் பெங்களூருக்கும் போயிருக்கும் உங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்குத் தொலைபேசியில் பேசுங்கள். குடியிருக்கும் இடத்திலிருந்து வேலையிடம் வரை எத்தனை வண்டி மாறுகிறார்கள், எத்தனை கிலோமீட்டர், அட்டையில் எவ்வளவு பிடிக்கிறார்கள், காசாகக் கொடுத்தால் எவ்வளவு, மாதம் எத்தனை நாள் வேலை என்று கேட்டு ஒரு தாளில் எழுதுங்கள். படிப்பகக் கரும்பலகையில் ஒரு படி எழுதி வைத்துவிட்டு, இன்னொரு படியை நமக்கு அனுப்புங்கள். ஆளின் பெயர் வேண்டாம். நிலையத்தின் பெயரும் ரூபாயும் போதும். வருகிறவற்றை வாரந்தோறும் இதே பக்கத்தில் வெளியிடுவோம்.